கிடைத்த வேலையும் ஏற்ற வேலையும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இச்சங்கத்தின் உதவியால் படித்து முன்னேறியவர்களை எண்ணி மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சியினூடே ஒரு வினாவையும் நாம் எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். படித்து முடித்த நம் பிள்ளைகள் முதன்முதலில் எந்த வேலையில் சேர்ந்தார்கள்? அது அவர்கள் தேடி அடைந்த வேலையா? வேறு வழியின்றி ஏற்றுக்கொண்ட வேலையா?

ஒரு குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பெறுபவர் அடையும் பணி அவர் ஒருவரோடு நிற்பதில்லை. தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம், வீட்டின் கடன், அடுத்த தலைமுறை வாழப்போகும் ஊர் ஆகிய யாவும் அதைச் சார்ந்தே அமைகின்றன. ஆகவே முதல் வேலையின் வரலாறு நம் முன்னேற்றத்தின் வரலாறு எனலாம். அவ்வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தால், ஏற்ற வேலையை அடைவதற்கு மூன்று வேண்டும் என்பது விளங்கும். வேலை பற்றிய செய்தி உரிய காலத்தில் எட்டவேண்டும். தகுதியைக் காட்டும் சான்று கையில் இருக்கவேண்டும். வேலையில் கால் ஊன்றும் வரை தாங்கும் கை ஒன்று வேண்டும். இம்மூன்றும் நமக்கு எவ்வாறு மறுக்கப்பட்டன, எவ்வாறு பெறப்பட்டன என்பதை ஈண்டு நோக்குவோம்.

பிறப்பே பணியை விதித்த காலம்

நம் முன்னோர் காலத்தில் வேலை தேடுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பண்ணையாளின் மகன் பண்ணையாளாகவும், வெட்டியானின் மகன் வெட்டியானாகவும் ஆனான். தந்தை வாங்கிய கடனுக்கு மகன் உழைத்தான். கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்றல் கூடாது என்ற சட்டம் 1843ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆயினும் நிலமும் வீட்டு மனையும் பிறர் கையில் இருந்தமையால், சட்டம் தந்த விடுதலை வயல் வரப்பைத் தாண்டி வரவில்லை.

மறுபுறத்தில், ஊரின் கணக்குப்பிள்ளை வேலையும் முன்சீப் வேலையும் சில குடும்பங்களிலேயே வழிவழியாக நிலைத்திருந்தன. இந்நிலை மிக அண்மைக் காலம் வரை நீடித்தது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1980ஆம் ஆண்டில்தான் தமிழக அரசு பழைய கிராம அதிகாரிகள் முறையை ஒழித்துத் தேர்வின் வழியே கிராம நிர்வாக அலுவலர்களை நியமிக்க வழி செய்தது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கிலும் 1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. இன்று பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற எவரும் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வெழுதி அப்பதவிக்கு வரலாம். நம் பாட்டனார் எந்தச் சாவடிக்கு வெளியே நின்றாரோ, அங்கே நம் பிள்ளை அமர்ந்து பட்டா நகலில் கையொப்பம் இடுவதற்கு வழி செய்தது அம்மாற்றமே.

ஊரைவிட்டு வெளியேறிய தலைமுறை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மக்களுக்குத் திறந்த முதற்கதவுகள் ஊருக்கு வெளியே இருந்தன. சென்னைப் படையின் சுரங்க, பாலப் பணிப் பிரிவில் நம்மவர் பலர் பணிபுரிந்தனர். இலங்கைத் தோட்டங்களுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், பின்னர் மலேயாவுக்கும் கப்பலேறினர். 1880ஆம் ஆண்டு முதல் ஆங்கில நிறுவனம் கோலாரில் தங்கம் தோண்டத் தொடங்கியபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அங்குச் சென்றனர்.

இவ்வேலைகளில் துன்பம் மிகுதி. கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பிச் சென்றவர்கள் கடனில் அகப்பட்டனர். சுரங்கத்துள் இறங்கியவர்கள் பாறை வெடிப்பினாலும் நுரையீரல் நோயினாலும் மாண்டனர். எனினும் ஊர்ப் பண்ணையில் கிட்டாத ஒன்று அங்குக் கிட்டியது. அது காசாகக் கிடைத்த கூலி. காசு கையில் வந்ததும் பள்ளிக்கூடமும், சங்கமும், அச்சகமும் தோன்றின. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோது, அதைத் தாங்கியவர்களுள் தங்கவயல் தொழிலாளரும் அடங்குவர். அவர் எழுத்துகளைப் பின்னர் நூல்களாக அச்சிட்டுக் காத்ததும் தங்கவயலில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலையே.

ஆனால் அத்தலைமுறைக்கு வேலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இருந்ததா எனின், இல்லை என்றே கூறவேண்டும். எந்தக் கங்காணி வந்தானோ அந்த வழியே சென்றனர். வேலை பற்றிய செய்தி ஆள் பிடிப்பவன் வாயிலிருந்து மட்டுமே வந்தது. செய்தி ஒருவன் கையில் இருக்குமானால், வேலையும் அவன் விதித்தபடியே அமையும் என்பது அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்.

அக்காலத்திலும் கல்வி பெற்ற சிலர் வேறு வழி கண்டனர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயம்புத்தூரில் கல்வி பயின்று, நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினார். பின்னர்ச் சென்னைக்கு வந்து 1893இல் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். கணக்கும் கடிதப் போக்குவரத்தும் கற்பித்த முதற்பணி, மனு எழுதவும், சங்கம் நடத்தவும், பிற்காலத்தில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து வாதாடவும் பயன்பட்டிருக்கும் என்று நாம் கருதுவதில் தவறில்லை. ஏற்ற முதல் வேலை ஒருவனை அடுத்த படிக்கு ஆயத்தம் செய்கிறது.

பள்ளி இல்லாத இடத்தில் தேர்வு எதற்கு?

1893ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் நம் முன்னோர் கூடினர். இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்ற கோரிக்கையை அவர்கள் எதிர்த்தனர். மூவாயிரத்திற்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனுவை ஆங்கில நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். இன்றைய இளைஞருக்கு இது வியப்பாகத் தோன்றலாம். நம் நாட்டிலேயே தேர்வு நடைபெறுவதை நம்மவரே எதிர்ப்பதா என்று கேட்கலாம். அவர்கள் கண்ட உண்மை இதுதான்: பள்ளிக்கூடத்தின் கதவு ஒரு சாராருக்கு மட்டும் திறந்திருக்குமானால், எல்லாருக்கும் பொதுவான தேர்வு என்பது பெயரளவிலேயே பொதுவாகும். தேறி வருபவர்கள் நம்மை அடக்கி வைத்தவர்களாகவே இருப்பார்கள்.

எனவே பள்ளிகளைத் தோற்றுவிக்கும் பணி தொடங்கிற்று. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பகுதியில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். எல்.சி. குருசாமி அருந்ததியர் மக்களுக்காகச் சென்னையில் பள்ளிகள் நடத்தினார். 1920இல் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் பதவியை ஏற்படுத்தி, நம் மக்களின் பள்ளி, விடுதி, உதவித்தொகை, வீட்டு மனை ஆகியவற்றை அவர் பொறுப்பில் விட்டது. ‘லேபர் ஸ்கூல்’ என்று பெரியோர் குறிப்பிடும் அப்பள்ளிகளே இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகளுக்கு மூலம்.

அப்பள்ளிகளில் படித்து வெளிவந்த முதல் தலைமுறையினரில் பலர் ஆசிரியர் பணியையே நாடினர். எம்.சி. ராஜா அவர்களும் பள்ளி ஆசிரியராக இருந்து பொதுவாழ்வுக்கு வந்தவரே. ஊராருக்குத் தெரிந்த ஒரே படித்த வேலை வாத்தியார் வேலை. தெரியாத வேலையை எவரும் விரும்புவதில்லை. செய்தியின் எல்லையே விருப்பத்தின் எல்லையாக இருந்தது.

இடங்கள் வகுக்கப்பட்ட வரலாறு

முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது 1928இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணையின்படி, அரசு வேலையில் ஒவ்வொரு 12 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முகமதியருக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என வகுக்கப்பட்டது. 1947இல் அம்முறை திருத்தப்பட்டு, 14 இடங்களில் 2 நமக்கென்று ஆயிற்று. அரசமைப்புச் சட்டம் வந்த பின்னர் வழக்குகளும் திருத்தங்களும் தொடர்ந்தன. 1954இல் 16 விழுக்காடாகவும், 1971இல் 18 விழுக்காடாகவும் மாநிலப் பணிகளில் நமக்குரிய பங்கு அமைந்தது. 1990இல் பழங்குடியினருக்குத் தனியே 1 விழுக்காடு வழங்கப்பட்டது. 2009இல் 18 விழுக்காட்டிற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு செய்யப்பட்டது.

நடுவண் அரசுப் பணிகளில், அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல் எட்டே கால் விழுக்காட்டிற்குச் சற்று மேலாக, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. 1946இல் அது 12½ விழுக்காடாக உயர்ந்தது. 1970இல் 15 விழுக்காடாயிற்று. வேலைக்கு இடம் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகையும் 1944ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இடமும், அவ்விடத்திற்குரிய தகுதியும் ஒருங்கே வளரவேண்டும் என்பதே அவருடைய கருத்து.

இவ்வாறு இடங்கள் வகுக்கப்பட்டும் நிகழ்ந்தது யாது? கடைநிலைப் பணிகள் விரைவில் நிரம்பின. மேல்நிலைப் பணிகளில் நமக்குரிய இடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. தூய்மைப் பணியிலோ நம் மக்கள் தொகைக்கு மிஞ்சிய அளவில் நம்மவரே அமர்த்தப்பட்டனர். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்து 1993இலும், மேலும் விரிவாக 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்ட பின்னரும், கழிவு நீர்த் தொட்டிகளில் இறங்கி மாள்பவர்கள் யார் என்பதை நாம் அறிவோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மகன், தந்தையின் மறைவுக்குப் பின் அதே துடைப்பத்தைக் கையில் ஏந்துவதைக் ‘கையில் வந்த வேலை’ என்று உறவினர் போற்றுகின்றனர். அக்குடும்பத்தின் பசியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த மகன் படித்த படிப்புக்கு வேறு பணி கேட்கலாமா, சேர்ந்த பின் துறைத் தேர்வு எழுதி உயரலாமா என்று எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் இருந்தாரா என்றே கேட்கிறோம்.

வேலை கிடைத்தும் தங்க இடமில்லை

அண்ணல் அம்பேத்கரின் முதற்பணி அனுபவத்தை ஒவ்வொரு மாணவனும் அறிதல் வேண்டும். பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவிலும் இலண்டனிலும் கல்வி பயின்ற அவர், ஒப்பந்தப்படி பணியாற்ற 1917இல் பரோடாவுக்குச் சென்றார். அந்நகரில் அவருக்கு வீடு தருவார் இல்லை. பார்சி ஒருவரின் பெயரில் பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. இந்து நண்பரும் கிறித்தவ நண்பரும் கூட இடம் தர இயலவில்லை. ஒரு பூங்காவின் மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் விட்டுப் பம்பாய்க்குத் திரும்பினார். மறு ஆண்டு சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார்.

அவருக்குச் செய்தியும் இருந்தது, தகுதியும் இருந்தது, மன்னரின் ஆணையும் இருந்தது. படுத்துறங்க ஓர் அறை மட்டும் இல்லாமற் போயிற்று. இன்றும் வெளியூர் செல்லும் நம் இளைஞரிடம் வீட்டுக்காரர், ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்பது நின்றபாடில்லை. இதனால்தான் தாங்கும் கை வேண்டும் என்றோம்.

செய்தி அரசின் கைக்கு வந்தது

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரருக்காக 1945இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டன. 1948இல் அவை எல்லாருக்கும் திறக்கப்பட்டன. 1956இல் மாநில அரசின் நிர்வாகத்திற்கு வந்தன. காலியிடங்களை அவ்வலுவலகங்களுக்குத் தெரிவித்தல் வேண்டும் என்ற சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. கங்காணியின் வாயிலிருந்த செய்தி, அரசின் பதிவேட்டுக்கு மாறியது என்ற அளவில் இது பெருமாற்றம். நம் ஊர்களில் பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தேறிப் பதிவு செய்துவருதல் ஒரு சடங்கு போலவே ஆயிற்று.

ஆயினும் அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே நாற்பது வயதை எட்டியவர்களும் நம்மிடையே உண்டு. பதிவு செய்தலே வேலை தேடுதல் என்று எண்ணிவிட்டமையே அதன் காரணம். இன்று பெரும்பாலான அரசுப் பணிகள் போட்டித் தேர்வுகளாலேயே நிரப்பப்படுகின்றன. 1929இல் தோன்றிய சென்னை மாகாணத் தேர்வாணையத்தின் வழிவந்த தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், 1987இல் ஏற்பட்ட ஆசிரியர் தேர்வு வாரியம், 1991இல் ஏற்பட்ட சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம், 2012இல் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆகியவற்றின் அறிவிக்கைகளைப் படிப்பவனே இன்று செய்தி உடையவன்.

அரசுப் பணி ஒன்றையே நம்பியிருத்தலும் ஆகாது. 1955இல் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும், அதனைத் தொடர்ந்து நெய்வேலி, திருச்சி, ஆவடி ஆகிய இடங்களில் பெருந்தொழில்களும் எழுந்தபோது, தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருத்துநர், கடைசலர், பற்றவைப்பாளர் பிரிவுகளில் பயின்றவர்கள் கல்லூரிப் பட்டதாரிகளுக்கு முன்னரே நிலைபெற்றனர். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் பயிற்சி இடங்களிலும் நமக்குப் பங்கு வகுத்தது. மறுபுறம், மூன்று தலைமுறைக்குச் சோறிட்ட கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அங்கு வேறு தொழில் அறியாதோர் நாள்தோறும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குச் செல்லலாயினர். ஒரே வேலையை நம்பிய ஊரின் கதி அது. இட ஒதுக்கீடு இல்லாத தனியார் துறை வளர்ந்துவரும் இந்நாளில் கைத்திறனும், தெளிவாக எழுதிப் பேசும் ஆற்றலும் நம் பிள்ளைகளுக்கு இன்றியமையாதவை.

ஏற்ற வேலையைத் தெரிந்துகொள்ளும் முறை

ஏற்ற வேலை என்பது உயர்ந்த சம்பளமுள்ள வேலை என்று பொருள்படாது. மாணவனை நாம் மூன்று கேள்விகள் கேட்டல் நலம். எந்தப் பணியை அலுப்பின்றிச் செய்கிறாய்? உன் வீடு இன்னும் எத்தனை மாதம் உன் வருமானமின்றித் தாங்கும்? இவ்வேலையிலிருந்து மேலே செல்லப் படி உண்டா? மூன்றாவது கேள்விக்கு விடை ‘உண்டு’ எனின், சிறிய வேலையிலும் தயங்காது சேரலாம். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துறைத் தேர்வுகளில் தேறி உயர்ந்தோர் பலர். படியில்லாத வேலையில் வறுமை காரணமாகச் சேர நேர்ந்தால், மாலை நேரத்தை அடுத்த தேர்வுக்கு ஒதுக்கிக்கொண்டே சேர வேண்டும். வீடு தாங்காத நிலையில் ஐந்தாண்டு அறைக்குள் அமர்ந்து தேர்வுக்குப் படிப்பதும், வீடு தாங்கும் நிலையில் முதல் மாதமே அவசரப்பட்டுக் கிடைத்ததில் சேர்வதும், இரண்டும் தவறே.

சான்றிதழ் பற்றித் தலைமையாசிரியர் என்ற முறையில் நாம் சொல்ல வேண்டியது உண்டு. பள்ளியில் எழுதப்படும் பெயரும், முதலெழுத்தும், பிறந்த நாளும் பிற்காலத்தில் வயது வரம்பை முடிவு செய்கின்றன. பெற்றோர் தோராயமாகச் சொன்ன நாள் பிள்ளையின் ஓர் ஆண்டைப் பறித்துவிடும். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன்னரே அவற்றைச் சரிபார்த்தல் வேண்டும். வட்டாட்சியர் வழங்கும் சாதிச் சான்றினை அறிவிக்கை வந்த பின் தேடி ஓடுதல் கூடாது. தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டு, பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருத்தல் வேண்டும் என்றாயிற்று. அதற்கான சான்றில் ஒப்பமிடுபவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்களே. இதை அறியாது உரிமையை இழப்போர் இன்றும் உளர். பெண்களுக்கு 1989 முதல் மாநிலப் பணிகளில் 30 விழுக்காடு உண்டு. நம் பெண்மக்கள் இதை முழுமையாகப் பயன்படுத்துதல் வேண்டும்.

சங்கம் ஆற்ற வேண்டிய பணி

கடந்த ஆண்டுகளில் நாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம். இனி அவர்களை முதல் வேலையில் அமர்த்தும் வரை உடன் செல்லுதல் வேண்டும். அதற்கென நான்கு பணிகளை முன்வைக்கின்றோம்.

முதலாவதாக, ஒவ்வொரு ஞாயிறும் அவ்வாரத்து அறிவிக்கைகளை எளிய தமிழில் எழுதிச் சங்கக் கட்டடத்தின் பலகையில் ஒட்டுதல் வேண்டும். தகுதி, கடைசி நாள், கட்டணம் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். இரண்டாவதாக, பணியில் இருக்கும் நம்மவரின் துறைவாரிப் பதிவேடு ஒன்று வேண்டும். ரயில்வேயில் இருப்பவர் ரயில்வேயைப் பற்றியும், செவிலியராக இருப்பவர் மருத்துவமனையைப் பற்றியும் ஆண்டுக்கொரு முறையேனும் மாணவரிடம் பேசட்டும். தெரியாத வேலையை விரும்ப இயலாது என்ற பழைய குறை அவ்வாறே நீங்கும். பள்ளிகளில் 2022 முதல் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியே தரப்படும் வழிகாட்டுதலுக்கு இது துணையாகவும் அமையும். மூன்றாவதாக, ஆண்டுதோறும் சான்றிதழ் சரிபார்க்கும் நாள் ஒன்று நடத்துதல் வேண்டும். வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகரிடம் பணமோ மூலச் சான்றிதழோ கொடுத்தல் ஆகாது என்பதையும் அன்று பெற்றோருக்கு வலியுறுத்தலாம்.

நான்காவது பணியே பெரிது. சம்பளம் மாத இறுதியில்தான் வரும். வெளியூரில் சேர்பவனுக்கு அறை முன்பணமும், ஒரு மாதச் சாப்பாடும், நல்ல சட்டை இரண்டும் அதற்கு முன்னரே வேண்டும். இச்சிறு தொகை இன்றி வந்த ஆணையைத் திருப்பிவிட்டவர்களை நாம் அறிவோம். சங்கம் ‘முதல் மாத நிதி’ ஒன்றை ஏற்படுத்தி வட்டியின்றிக் கடன் தரட்டும். பெற்றவர் மூன்று தவணையில் திருப்பட்டும். சென்னையிலும் பிற நகரங்களிலும் வாழும் நம்மவர், புதிதாய் வரும் இளைஞருக்கு இடம் தேடிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்கட்டும். பணிபுரியும் மகளிருக்கு அரசு நடத்தும் தோழி விடுதிகளைப் பற்றிப் பெண்மக்களுக்குத் தெரிவிக்கட்டும்.

இளைஞர்களே! உங்களுக்கு முன் சென்றவர்கள் கப்பலிலும் சுரங்கத்திலும் கிடைத்த வேலையைச் செய்து, அதில் மிச்சம் பிடித்த காசில் உங்களுக்குப் பள்ளி வைத்தார்கள். தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. அதை ஆராய்ந்து பயன்படுத்துங்கள். வேலையில் சேர்ந்த பின், உங்கள் முதல் மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பகுதியை அந்நிதிக்கு அனுப்புங்கள். உங்களுக்குப் பின்னால் பேருந்து நிலையத்தில் பெட்டியுடன் நிற்கும் தம்பிக்கும் தங்கைக்கும் அது போதும்.